கடைசி ரோல்... கழுவ ஆள் இல்லை!

உங்களுக்கு ஒரு குட்டி வேலை. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போவீங்கதானே? அப்போ பரண் மேல, பீரோவுக்குப் பின்னால கையை விட்டுத் தேடுங்க. பழைய கேமரா ஏதாவது சிக்கும். சிக்கினால், தயவுசெய்து பின்பக்க மூடியை மட்டும் திறந்துடாதீங்க. உள்ளே யாராவது இருக்கலாம்!

எங்க வீட்டு கேமராவுக்குள் இருந்தவர், என் தாத்தா.

போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது அப்பாவின் யாஷிகா கேமரா. மேலே இருந்த துக்கினியூண்டு ஜன்னலில் '22' என்று நம்பர் நின்றிருந்தது. அதாவது, 36-ல் 22 எடுத்தாச்சு. மிச்சம் 14 அப்படியே இருக்கு. அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டுச் சொன்னார். "2004 பொங்கல்டா. ரோல் முடியட்டும், மொத்தமா கழுவக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்..."

அந்த வருஷம் சித்திரையில் தாத்தா போய்விட்டார். நான் பிறந்தது 2005-ல். நானும் தாத்தாவும் பார்த்துக்கொண்டதே இல்லை.

உடனே ரோலைச் சுற்றி எடுத்துக்கொண்டு எங்க ஊர் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கி, ஏதோ பழைய ஃப்ரெண்டைப் பார்த்த மாதிரி சிரித்தார். "கழுவுற மெஷினை எடைக்குப் போட்டு பத்து வருஷம் ஆச்சு தம்பி. பாஸ்போர்ட் சைஸ் வேணும்னா சொல்லு, அஞ்சு நிமிஷத்துல தர்றேன்!"

அந்த ரோலைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அலைந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஃபிலிம் போச்சு என்றால் டப்பா மட்டும் கடையிலிருந்து போவதில்லை. அதைக் கழுவும் கெமிக்கல், மெஷின், கைப்பக்குவம் தெரிந்த ஆள் எல்லாம் சேர்ந்து போகிறது. நம்பிக்கை இல்லையா? கோடாக்ரோம் கதையைக் கேளுங்க.

கடைசி 36

கோடாக் கம்பெனி 1935-ல் கொண்டுவந்த கலர் ஃபிலிம், கோடாக்ரோம். கண்டுபிடித்த லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கொடோவ்ஸ்கி இரண்டு பேரும் இசைக் கலைஞர்கள். (நாம ஈ.சி.இ. படிச்சுட்டு ஐ.டி. கம்பெனிக்குப் போறதில்லையா... அது மாதிரி!) பச்சைக் கண்களோடு முறைத்துப் பார்க்கும் அந்த ஆப்கன் சிறுமியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்டீவ் மெக்கரி எடுத்த அந்தப் படம் 1985-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. அதுவும் கோடாக்ரோம்தான்.

2009-ல் கோடாக், "இனிமேல் தயாரிக்கப் போவதில்லை" என்று அறிவித்துவிட்டு, கடைசியாக வந்த ரோலை மெக்கரியிடமே கொடுத்தது. மொத்தம் 36 படங்கள். மொபைலில் ஒரு பிரியாணியையே 36 தடவை க்ளிக்குகிற நாம், அந்த மனுஷனின் டென்ஷனை நினைத்துப் பார்க்கணும். நியூயார்க்கில் ஆரம்பித்தார். இந்தியாவுக்கு வந்து மும்பையில் அமிதாப் பச்சனையும் ராஜஸ்தானில் ரபாரி மக்களையும் எடுத்தார். அடுத்து இஸ்தான்புல். கடைசியாக அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சின்ன ஊருக்குப் போனார்.

ஏன் அந்த ஊர்? உலகத்திலேயே கோடாக்ரோமைக் கழுவிக்கொண்டிருந்த ஒரே லேப் அப்போது அங்கேதான் இருந்தது. சாதாரண கலர் ஃபிலிமில், கலரை உண்டாக்கும் பொருள் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடாக்ரோமில் அது கிடையாது. கழுவும்போதுதான் மூன்று கலரையும் ஒவ்வொன்றாக ஏற்றணும். கெமிக்கல் கொஞ்சம் பிசகினாலும் காலி! 2010 டிசம்பர் 30-ஐக் கடைசித் தேதியாக அறிவித்தது அந்த லேப். கையில் மிச்சமிருந்த கோடாக்ரோமைக் கழுவ உலகம் முழுக்க இருந்து வந்து குவிந்தார்கள். 2011 ஜனவரியோடு மெஷின் நின்றது. இன்றைக்கு உங்க பரணில் ஒரு கோடாக்ரோம் ரோல் கிடைத்தால், ரொம்ப மெனக்கெட்டால் கறுப்பு வெள்ளையில் ஏதாவது தேறலாம். கலர் போனது போனதுதான்!

ஒரு குட்டிக் கணக்கு

"இத்தனை பேருக்குப் பிடிச்சிருந்தா, கொஞ்சமா செஞ்சு விக்கலாமே?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேனாவை எடுங்க.

ஃபிலிம் தயாரிப்பது பெயின்ட் அடிக்கிற மாதிரி. ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் ஷீட்டின் மேல், வெள்ளி உப்பும் ஜெலட்டினும் கலந்த கலவையைப் பூசணும். கலர் ஃபிலிம் என்றால் பத்துக்கும் மேற்பட்ட படலங்கள். எல்லாம் சேர்ந்தும் தலைமுடியைவிட மெல்லிசு. அதுவும் கும்மிருட்டில்! ஷீட்டின் அகலம் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. ரோல்களாக நறுக்கினால் 40 பட்டைகள். 36 படம் எடுக்கும் ரோல் கிட்டத்தட்ட 1.6 மீட்டர் நீளம். ஆக, மெஷின் ஒரே ஒரு கிலோமீட்டர் ஓடினாலே 25,000 ரோல் ரெடி.

இட்லிக் குண்டானில் நாலு இட்லி மட்டும் வேக வைக்கலாம். இந்த மெஷினில் நாலு ரோல் மட்டும் செய்ய முடியாது. ரோலுக்கு எக்ஸ்பைரி தேதி வேறு இருக்கிறது. அதற்குள் அத்தனையும் விற்காவிட்டால் நஷ்டம். உலகத்தில் ஃபிலிம் விற்பனை உச்சத்தில் இருந்தது 2000-ல். பத்தே வருடத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. காதலர்கள் இல்லாததால் ஃபிலிம் சாகவில்லை பாஸ். பிரமாண்டமான மெஷினுக்குத் தீனி போதாமல் செத்தது!

2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு கொடுத்தது. இதில் செம காமெடி, 1975-லேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டிய ஸ்டீவன் சாஸன், கோடாக் இன்ஜினீயர்தான். ஃபியூஜி கொஞ்சம் உஷார். ஃபிலிமில் கற்ற கெமிஸ்ட்ரியை வைத்து அழகு க்ரீம் விற்க ஆரம்பித்தது. 2013-ல் சினிமா ஷூட்டிங்குக்கான ஃபிலிமை நிறுத்தியும் விட்டது.

நம்ம ஊரிலும் இப்படி ஒரு தொழிற்சாலை இருந்தது. ஊட்டியில் மத்திய அரசு 1960-ல் ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தார்கள். 1990-களிலேயே நொடித்துப்போய், கடைசியில் மூடியேவிட்டார்கள். 'இந்து நகர்' என்ற பெயர் மட்டும் ஊட்டியில் இன்னும் இருக்கிறது.

செத்துப் பிழைத்தவர்கள்

அப்போ ஃபிலிம் கதை அவ்வளவுதானா? அங்கேதான் ட்விஸ்ட்!

2008-ல் போலராய்டு தன் இன்ஸ்டன்ட் ஃபிலிமை நிறுத்தியது. நெதர்லாந்தில் இருந்த அதன் தொழிற்சாலையை, அங்கே வேலை பார்த்தவர்கள் சிலரும் சேர்ந்து காப்பாற்றினார்கள். பழைய கெமிக்கல்கள் கிடைக்கவில்லை. முதலிலிருந்து புது ஃபார்முலா கண்டுபிடித்து 2010-ல் ஃபிலிமை வெளியே கொண்டுவந்தார்கள். 2012-ல் நிறுத்திய எக்டாக்ரோமை, கோடாக்கே 2018-ல் திரும்ப விற்க ஆரம்பித்தது. இங்கிலாந்தில் இல்ஃபோர்டு கம்பெனி 2004-ல் மூழ்கப் பார்த்தபோது, அதன் மேனேஜர்களே விலைக்கு வாங்கி, சின்ன அளவில் கறுப்பு வெள்ளை ஃபிலிமைத் தொடர்ந்தார்கள். அதே கம்பெனி 2023-ல் சொந்தமாக ஒரு கலர் ஃபிலிமையே இறக்கிவிட்டது.

சினிமாவுக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லணும். நோலன், டாரன்டினோ மாதிரி இயக்குநர்கள் மல்லுக்கட்ட, ஹாலிவுட்டின் 6 பெரிய ஸ்டூடியோக்களும் 2015-ல் கோடாக்கோடு ஒப்பந்தம் போட்டன. 'ஓப்பன்ஹெய்மர்' படத்துக்காக 65 மி.மீ.-ல் கறுப்பு வெள்ளை ஃபிலிமை முதல்முறையாகத் தயாரித்துக் கொடுத்தது கோடாக். சினிமா ஃபிலிம் ஓடுகிற தொழிற்சாலையில்தான் நம் கேமராவுக்கான ரோலும் தயாராகிறது. ஹாலிவுட் போடும் தீனியில் நமக்கும் ரெண்டு பருக்கை!

2024-ல் பென்டாக்ஸ் புத்தம் புதிய ஃபிலிம் கேமராவையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால், ஒரு ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் போடும் காசில் மெஸ்ஸில் ஒரு வாரம் சாப்பிடலாம். ஃபிலிம் இனி கல்யாணத்துக்குக் கல்யாணம் வராது. ஆசைப்படுகிறவர்கள் காசு சேர்த்து எடுக்கும் விஷயமாகத்தான் இருக்கும். பிழைத்த கம்பெனிகள் எல்லாம் 'பெருசு'ங்கிற ஆசையை விட்டவைதான்.

சரி... தாத்தா?

அப்பா போட்டிருந்தது சாதாரண கலர் நெகட்டிவ். டப்பாவின் மேல் 'சி-41' என்று இருந்தது. 1972-ல் வந்த அந்தக் கழுவும் முறை இன்னமும் உயிரோடு இருக்கிறது. சென்னையில் ஒரு லேபுக்கு கூரியரில் அனுப்பினேன். "20 வருஷ ரோல்... கேரன்டி கிடையாது" என்றார்கள்.

22-ல் தேறியது 9. எல்லாவற்றிலும் பனிமூட்டம் மாதிரி ஒரு சாம்பல் பூச்சு. ஒன்றில் பொங்கல் பானை. இன்னொன்றில் அடையாளமே தெரியாத இளவயசு அம்மா. ஆறாவது படத்தில், வாசல் திண்ணையில் உட்கார்ந்து கரும்பைக் கடித்தபடி ஒருத்தர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சட்டைப் பாக்கெட்டில் மூக்குக் கண்ணாடி.

அப்பா மொபைலை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "பாக்கெட்லயே வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடுவாருடா" என்றவர், அதற்கு மேல் பேசவில்லை.

நானும் அப்படித்தான் என்று அம்மா சொல்வாங்க.

யாஷிகாவில் புது ரோல் போட்டாச்சு. இப்போது நம்பர் '7'. ஒன்பதில் ஒன்றில்கூட அப்பா இல்லை. கேமரா அவர் கையிலேயே இருந்திருக்கிறது. அதனால், இந்த ரோலில் முதல் ஆறும் அவர்தான்!

பாக்ஸ்: உங்க வீட்டிலும் ரோல் கிடைத்தால்...

* கேமராவைத் திறக்கும் முன் ரோலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கொடுங்கள்.
* டப்பாவில் 'சி-41' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சான்ஸ் உண்டு.
* வெயில், சூடு கூடாது. "அப்புறம் பார்க்கலாம்" என்று திரும்பப் பரணில் போடவே கூடாது.
* கழுவிய பிறகு நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள். மொபைல் தொலைந்தாலும், அது பீரோவில் இருக்கும்!