ஒரே பெயர், வேறு வேறு கார்

பாவித்த கார் வாங்கப் போகும் நம் பெண்கள் முதலில் கேட்பது விலையை. அடுத்தது நிறத்தை. ஒரே பெயருள்ள கார் நான்கைந்து வகைகளில் வருகிறது என்பதையும், அந்த வகைகளுக்கிடையிலான வித்தியாசம் சில வேளைகளில் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதையும் விற்பவர் தாமாகச் சொல்வதில்லை.

நாவுலயில் நான் களப்பணி செய்யும் குழுவில் ஏழு பேர் இருக்கிறார்கள். 1977 கலவரத்தின் பின் மாத்தளைத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். 2009இல் கணவரையும் வீட்டையும் இழந்து, மறுபடி இங்குள்ள உறவினரிடமே வந்து சேர்ந்தார்கள். மிளகாய்த்தூளும் கறித்தூளும் அரைத்து ஏ9 வீதி வழியே தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறார்கள். ஓட்டோக் கூலி இலாபத்தைத் தின்றுவிடுகிறது. எனவே சேமிப்பைச் சேர்த்து, உள்ளூர்ப் பாதையில் அடி தட்டாத, சற்று உயரமான சிறிய கார் ஒன்று வாங்க யோசித்தார்கள். காரின் உடம்பும் ஜீப்பின் நிமிர்வும் கொண்ட இந்த வகையைக் ‘குறொஸ்ஓவர்’ என்கிறார்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. புதியதன் வரியைக் கேட்டாலே தலை சுற்றும். ஆகவே பார்த்தது பாவித்தவற்றைத்தான். கடைசியில் இரண்டு மிஞ்சின: மஹிந்திரா கே.யூ.வி. 100, சுசுகி ஹஸ்ட்லர்.

கே.யூ.வி. 100 இந்தியாவில் 2016இல் வந்தது. 2019இலிருந்து நமது வெலிப்பென்னயிலும் பொருத்தப்பட்டது. இந்தியாவில் அது கே 2, கே 4, கே 6, கே 8 என்று படிப்படியாக விற்கப்பட்டது. வழுக்காமல் நிறுத்தும் ஏ.பி.எஸ். பிரேக் எல்லா வகையிலும் இருந்தது. ஆனால் முன் காற்றுப்பைகள் கீழ்வகைகளில் கூடுதல் பணம் கொடுத்தால்தான் கிடைத்தன. அலோய் சில்லும் பாட்டுப்பெட்டியும்போல உயிர்காப்பும் ஒரு ‘தெரிவு’ ஆகிவிட்டது!

இது சின்ன விடயமா? 2014 ஜனவரியில் குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பு இந்தியக் கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதிப் பரிசோதித்தது. காற்றுப்பை இல்லாத வொக்ஸ்வேகன் போலோவுக்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. அதே கார், இரண்டு காற்றுப்பைகளுடன் நான்கு நட்சத்திரம் பெற்றது. அதன்பின் காற்றுப்பை இல்லாத வகையை அந்த நிறுவனம் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

எனவே பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். சாவியைத் திருப்பிப் பாருங்கள். காற்றுப்பை விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலோ, அணையாமலே நின்றாலோ மெக்கானிக்கிடம் காட்டாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். ஒருமுறை விபத்தில் வெடித்த பையை மாற்றாமல், மேல்மூடியை மட்டும் போட்டு விற்பதும் உண்டு.

கே.யூ.வி.யில் முன்வரிசையில் மூன்று பேர் இருக்கும் வகையும் உண்டு. கியர் முன்பலகையில் இருப்பதால் நடுவில் ஓர் ஆசனம் கிடைக்கிறது. ஆறு பேர் போகலாம் என்றதும் குழுவில் எல்லோருக்கும் அதில்தான் ஆசை. நடுவில் இருப்பவருக்கு இடுப்புப் பட்டி மட்டுமே, தோள்பட்டி இல்லை, அவருக்கு முன்னே காற்றுப்பையும் இல்லை என்று சொன்னேன். பெரும்பாலும் அந்த இடத்தில் இருத்தப்படுவது பிள்ளைதான்.

ஹஸ்ட்லர் ஜப்பானில் 2014இல் வந்த 660 சீசீ கார். நான்கு பேருக்குத்தான் இடம். அதிலும் ஏ, ஜி, எக்ஸ் என்று தரங்கள் இருக்கின்றன. முன்னால் தடை வந்தால் தானாகப் பிரேக் போடும் ராடர் வசதியைப் பற்றி விற்பவர் பெரிதாகப் பேசினார். அந்த முதல் ஹஸ்ட்லர்களில் அது வேலை செய்வது ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்குள் மட்டுமே. ஏ9 வீதியில் ஓடும் வேகத்துக்கு அதை நம்பிப் பயனில்லை. கையேடும் ஜப்பான் மொழியில்.

இருந்தும் பேச்சு ஹஸ்ட்லர் பக்கம் திரும்பியது, காரணம் கியர். குழுவில் கணக்கு வைத்திருப்பவர் மிதிவெடியில் இடதுகாலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். ஓட்டப் பழக விருப்பம் உள்ளவரும் அவர் ஒருவர்தான். கே.யூ.வி.யில் கிளச் மிதிக்க வேண்டும். இங்கு கிடைக்கும் ஹஸ்ட்லர்களில் பெரும்பாலானவை தானியங்கி, கிளச் இல்லை. “தானியங்கி எல்லாம் கொழும்பு நோனாமாருக்கு, நான் ஓட்டித் தருகிறேன்” என்றார் ஒருவரின் தம்பி. கணக்கு வைப்பவர் கேட்டார்: “தம்பிக்கு வேலை கிடைத்துப் போனால் காரை யார் எடுப்பது, மிஸ்?”

அந்தத் தம்பியின் பெயரில் பதிவு செய்வோம் என்ற யோசனையும் அத்தோடு போயிற்று. லீசிங் எடுத்தால் தவணை முடியும்வரை நிறுவனமே முழு உரிமையாளர். அதன்பின் கார் யாருடையது என்பதைப் பதிவுப் புத்தகம்தான் சொல்லும். தவணை கட்டப்போகும் பெண்களில் ஒருவரின் பெயரே அதில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றவர்களின் பங்கை எழுதிக் கையெழுத்திட்டு வைக்கலாம்.

இப்போது ஒரு விடயம் பாக்கி. செயற்கைக் காலோடு ஓட்ட அனுமதிப்பத்திரம் கிடைக்குமா என்பது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவப் பரிசோதனையைப் பொறுத்தது. அவரோடு நானும் போகிறேன். முடிவு தெரியும்வரை ஹஸ்ட்லர்காரருக்கு முற்பணம் கொடுப்பதில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டோம்.