ஞானஸ்நானத்திற்குப் பின் வந்த தெளிவு

1536, 1537 ஆகிய ஆண்டுகளில் தூத்துக்குடி முதலான முத்துக்குளித்துறை ஊர்களில் பரதவ குலத்தார் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. முத்துச் சலாபத்தின் உரிமை பற்றி மூண்ட கலகத்தில் நிலைகுலைந்து, கொச்சிக்குத் தூது சென்று, போர்த்துக்கீசியரின் கடற்படைத் துணையை வேண்டிய சூழ்நிலையிலேயே அம்மதமாற்றம் நிகழ்ந்தது. உயிரையும் தொழிலையும் காத்துக்கொள்ள எடுத்த தீர்மானம் உள்ளத்தின் விசுவாசமாக எவ்வாறு கனிந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மனிதன் தன் புண்ணியத்தைக் காட்டித் தேவசந்நிதியில் நீதிமானாவதில்லை. கிறிஸ்துவின் மீது கொள்ளும் விசுவாசத்தின் வழியே அந்நீதி அவனுக்குக் கிருபையாக அருளப்படுகிறது என்பது, புனித பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் சாரம். விலையின்றி வருவதாயினும், பெற்றது இன்னதென்று அறியாதவனுக்கு அது பயன்படுவதெங்ஙனம்?

1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் கண்ட குறையும் இதுவே. தாம் கிறிஸ்தவர் என்பதற்கு மேல் ஏதும் அறியாதிருந்த மக்களுக்காக, இருமொழியும் தெரிந்தோரைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் ஜெபங்களையும் தமிழில் பெயர்க்கச் செய்து, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவரைத் திரட்டி அவர் போதித்தார். பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, இதை விசுவசிக்கிறீர்களா என்று அவர் வினவ, மக்கள் மார்பின்மேல் கைகளைச் சிலுவையாக மடக்கி, ஆம் என்றனர்.

ஆயினும், மனனம் வேறு, விவேகம் வேறு. கரையேறிய சிப்பியைத் திறந்து பார்த்தாலன்றி முத்துண்டா இல்லையா என்று சொல்ல இயலாதது போல, உள்ளத்தையும் திறந்து சோதித்தாக வேண்டும். அதற்கு வழி செய்தவர், சவேரியாரைப் பின்தொடர்ந்து வந்து, தமிழை முறையாகக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதிய சேசு சபைக் குருவான அன்றீக் அடிகளார். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய அவருடைய 'தம்பிரான் வணக்கம்' சத்தியம் இன்னதென்று உரைத்தது. 1580-இல் வெளிவந்த பாவசங்கீர்த்தன நூலோ, அச்சத்தியத்தின் முன் தன்னை நிறுத்திப் பார்க்க ஒவ்வொருவருக்கும் கற்பித்தது. ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் இம்மக்களிடையே உழைத்து 1600-இல் காலமான அவருடைய உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

நீதி கிடைப்பது விசுவாசத்தால் மட்டுமா என்ற விவாதத்தால் அக்காலத்து ஐரோப்பா பிளவுண்டிருந்தது; திரெந்து சங்கம் அதுபற்றித் தன் தீர்ப்பை வெளியிட்டதும் 1547-இல்தான். கிருபையினாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்பதில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் உடன்பட்டுக் கூட்டுப் பிரகடனத்தில் கையொப்பமிட 1999 வரை ஆயிற்று. கொடை தேவனுடையது, அதைப் பகுத்தறியும் உழைப்பு மனிதனுடையது என்னும் உண்மையையோ, இக்கரை மக்கள் இரண்டு தலைமுறைக்குள் தம் தாய்மொழியிலேயே பயிலத் தொடங்கிவிட்டனர். அரசியல் நெருக்கடியில் பிறந்த ஒரு மதமாற்றம், அக்காரணம் மறைந்து நூற்றாண்டுகள் சென்ற பின்னும் நிலைத்திருப்பது, அப்பயிற்சியின் பயனேயாகும்.