தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் போர்ப்பொருளும் அரசதிகாரமும்

முன்னுரை

முதலாம் இராசராசன் (கி.பி. 985–1014) எடுப்பித்த தஞ்சை இராசராசேச்சுரம் போரில் கவர்ந்த செல்வத்தின் விளைவு என்னும் கருத்து ஆய்வாளரிடையே நிலவுகிறது. சோழர் படையெடுப்புகளைக் கொள்ளையின் அரசியலாக விளக்கிய ஜார்ஜ் ஸ்பென்சரின் ஆய்வுகள் இக்கருத்திற்கு வலுச்சேர்த்தன. எனினும், கவர்ந்த பொருள் எவ்வாறு நிலைத்த அதிகாரமாயிற்று என்பதைக் கோயிற் கல்வெட்டுகளின் கணக்குமுறை கொண்டே தெளிதல் வேண்டும். அக்கல்வெட்டுகளில் மூவகை வரவுகள் பிரித்தறியத்தக்கன.

கவர்ந்த பொருள்

சேரனையும் பாண்டியரையும் வென்று கைப்பற்றிய பண்டாரத்திலிருந்து அளித்தவை எனச் சில கொடைகள் வெளிப்படையாகக் குறிக்கப்படுகின்றன. பொன், வெள்ளியாலான கலங்களும் அணிகளும் இவற்றுள் அடங்கும். பொன் ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, எடை கல்லில் பொறிக்கப்பட்டது. தோற்றவரின் பண்டாரம் இவ்வாறு இறைவனின் உடைமையாகப் பெயர் மாறியது. வென்றவனின் புகழோ கல்லில் நிலைத்தது.

வென்ற நிலம்

சோழமண்டலத்து ஊர்களோடு ஈழமண்டலம் உள்ளிட்ட புறமண்டலங்களின் ஊர்களும் கோயிலுக்கு நெல்லும் காசும் செலுத்தக் கடமைப்பட்டன. பண்டாரத்தை ஒருமுறையே கவரலாம். நிலமோ ஆண்டுதோறும் வருவாய் தருவது. போரின் பயன் வரியாக உருமாறுவது இங்கேதான்.

வட்டிக்கு விட்ட காசு

குந்தவை, அரச அலுவலர் முதலியோர் தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் வழிபாட்டிற்கு இட்ட காசு, ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு 12.5, பொலிசையாகும். சந்திராதித்தர் உள்ளவரை பொலிசை செலுத்தவேண்டும் என்பதால், இது முதலைத் திருப்பித் தீர்க்கும் கடனன்று. தலைமுறைதோறும் தொடரும் பொறுப்பு.

போர்ப்பொருளே ஊர்களுக்குக் கடனாயிற்று எனச் சுருக்கியுரைப்பது பொருந்தாது. கவர்ந்த பொன் கலமாகவும் அணியாகவும் பதிவாகிறது. கடன்முதலோ பெயர் சுட்டப்பட்ட கொடையாளர் இட்ட வைப்பாகும். இவ்விரண்டையும் இணைப்பது கோயில் என்னும் நிறுவனமே.

முடிவுரை

ஆகவே, போர் செல்வத்தைத் தந்தது. செல்வம் அதிகாரத்தைத் தந்தது என்னும் நேர்கோட்டு விளக்கம் போதுமானதன்று. கவர்தல் ஒருமுறை நிகழ்வது. வரியும் வட்டியும் ஆண்டுதோறும் ஊர்களை அரசு எடுப்பித்த கோயிலோடு பிணிப்பவை. போர்க்களத்தைக் காணாத உழவரும் அப்பிணிப்பிற்கு உட்பட்டனர். சோழர் அதிகாரத்தின் வலிமையை மெய்க்கீர்த்தி கூறும் வெற்றிகளில் மட்டுமன்றி, நெல்லையும் காசையும் எண்ணும் இக்கணக்குகளிலும் காணுதல் தகும்.