இளவேனிற் குயிலும் இலக்கியச் சான்றும்

பெரும்பொழுது ஆறனுள் இளவேனில் சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களுக்குரியது. அப்பருவத்தின் வரவை அறிவிக்கும் பறவையாகப் புலவர் பெரிதும் எடுத்துரைப்பது குயில். புலவர் கூற்றை ஏட்டிற் கற்பதோடு அமையாது, சோலையிலும் கண்டு ஒப்புநோக்குவதால் விளையும் பயன் யாது என்பதை இவ்வொரு பறவையைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஐங்குறுநூற்றின் பாலைப்பகுதி ஓதலாந்தையார் பாடியது. அதனுள் 341 முதல் 350 வரையுள்ள பாட்டுக்கள் இளவேனிற்பத்து எனப் பெயர்பெறும். தலைவன் குறித்துச் சென்ற பருவம் வந்தது, அவன் வந்திலன் என்னும் தலைவியின் ஆற்றாமையே பத்துப் பாட்டுக்கும் பொருளாகும். கோங்கு, பாதிரி, வேம்பு முதலியன மலர்தல் பருவவரவிற்குச் சான்றாக அவற்றுட் கூறப்படுகின்றது. இன்றும் சித்திரைத் திங்களில் வேப்பமரத்தடி பூவுதிர்ந்து வெண்மையாகக் கிடத்தலை யாவரும் காணலாம். இவ்வளவில் நூற்கூற்றும் கண்கூடும் ஒத்துச் செல்கின்றன. முதற்பாட்டோ பெண் குயில் இனிமையாகக் கூவுவதாக உரைக்கின்றது. ஐயம் எழும் இடம் இதுவே.

குயிலில் ஆணும் பெண்ணும் தோற்றத்தால் மிக வேறுபட்டவை. ஆண் பளபளக்கும் கரிய நிறமுடையது. பெண் பழுப்பு நிறத்தின்மேல் வெண்புள்ளிகளும் கோடுகளும் உடையது. செங்கண் இரண்டிற்கும் பொது. ‘குஊ, குஊ’ எனத் தாழத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, உச்சியில் திடுமென நின்றுவிடும் இனிய கூவல் ஆணுக்கே உரியது. பெண்ணின் குரல் ‘கிக் கிக் கிக்’ என விரைந்தொலிக்கும் கூரிய ஓசையாகும். அதனை இன்னிசை என்பார் அரியர். இனிது பாடும் மகளிரைக் குயில் என்று புகழ்வது நம் வழக்கு. பாரதியாரின் குயில்பாட்டிலும் பாடும் குயில் பெண்ணே. இயற்கையிலோ பாடுவது ஆண்.

இனி, குயில் இப்பருவத்தில் மிகுதியாகக் கூவுதற்குக் காரணம் யாது? குயில் தானே கூடு கட்டுவதில்லை; காக்கையின் கூட்டில் முட்டையிடும். பிறரால் வளர்க்கப்படுவது என்னும் பொருளில் வடமொழியார் அதனைப் பரபிருதம் என்பர். வேனிலில் காக்கைகள் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டத் தொடங்குகின்றன. குயிலின் கூவலும் அக்காலத்தே மிகுகின்றது. காக்கை முட்டை பொரிவதற்குச் சில நாள் முன்னரே குயிற்குஞ்சு பொரிந்து, வளர்ப்புத்தாய் கொணரும் இரையை முந்திப் பெறுகின்றது. பிற திங்களிற் குயில் நம்மைவிட்டு நீங்கிவிடுவதன்று. ஆல், அத்தி முதலிய மரங்களிற் கனியுண்டு, பெரும்பாலும் ஒலியடங்கி வாழ்கின்றது. ஆதலின் குயிலின் குரலைக் கொண்டு பருவத்தை அறிந்த புலவர் வழக்கு வெறுங்கற்பனையன்று. காக்கையின் கூட்டோடு பிணைந்ததோர் உண்மையே அதற்கு அடிப்படை.

அங்ஙனமாயின் பெண்குயில் கூவிற்று என்றது வழுவோ எனின், அன்று என்க. பாடும் குயில் தழையினுள் மறைந்திருப்பது. அதன் குரல் எட்டுமளவிற்கு உருவம் கண்ணிற்கு எட்டாது. புள்ளியுடைய பெண்ணை வேறொரு பறவையென எண்ணுவாரும் உளர். அன்றியும், அப்பாட்டிற் பேசுபவள் பிரிவாற்றாத தலைவி. தன் நிலைக்கு ஒத்த பெண்மைக் குரலையே அவள் சோலையிற் கேட்கின்றாள் எனக் கொள்ளுதல் பாலைத்திணைக்கு மிகப் பொருந்தும். பாட்டை விலங்கியல் நூலாக்கி, ‘பழந்தமிழர் கண்டது யாவும் நுண்ணிய உண்மையே’ என்று சாதித்தலும் தகாது. விலங்கியலைக் கொண்டு பாட்டைப் பிழையெனத் தள்ளுதலும் தகாது. பருவம் பற்றிய செய்தி காட்சியின் பாற்பட்டது. பெண்மை பற்றிய செய்தி பாடலின் உணர்வின் பாற்பட்டது. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல், பறவையை நேரிற் கண்டார்க்கே எளிதின் வாய்க்கும்.

இத்தகைய காட்சிக்குப் பெருங்கருவி வேண்டா. சித்திரை முதல் நாள்தோறும் வைகறையில் ஒரே சோலையில் அரைநாழிகை நிற்றல் போதும். முதற் கூவல் கேட்ட நாள், நேரம், மரம், காக்கைக் கூடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஏட்டிற் குறித்தல் வேண்டும். பனிக்காலத்தே வந்த வாலாட்டிக் குருவிகள் வடக்கு நோக்கி மீளும் நாளையும், வேலியிலுள்ள ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிவக்கும் நாளையும் உடன் குறிக்கலாம். கூட்டை அணுகுதலும் முட்டையைத் தொடுதலும் கூடா.

கருப்பொருளுட் புள்ளையும் விலங்கையும் வைத்து எண்ணியது தொல்காப்பியம். அதனைக் கற்கும் மாணவர் புள்ளின் பெயரை உரையில் மட்டும் கண்டு அமைவராயின், ‘ஒருவகைப் பறவை’ என்னும் குறிப்பிற்கு மேல் அவரால் எழுதவியலாது. சில ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பெற்ற பருவக் குறிப்பேடு அவ்வுரைக் குறையை நிரப்பும். நம் துறை மாணவர் வரும் சித்திரையிலேயே இதனைத் தொடங்குவாராக.