கேட் திறக்குது, மூட மாட்டேங்குது

ஓவேலியில மழை பிடிச்சதும் எனக்கு வர்ற போன் பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, கேட் திறக்குது, மூட மாட்டேங்குது." மோட்டார் போச்சுன்னு உடனே பயப்படாதீங்க.

கேட்டுக்கு ரெண்டு பக்கத் தூண்லயும் எதிரெதிரா சின்னதா சென்சார் இருக்கும். ஒண்ணு அகச்சிவப்புக் கதிரை அனுப்பும், இன்னொண்ணு வாங்கும். நடுவுல ஆள் நின்னா கேட் மூடாது. கண்ணாடியில ஈரம், சிலந்தி வலை, குறுக்கே ஒரு செடிக்கிளை இருந்தாலும் ஆள் நிக்கிறதாத்தான் அது நினைக்கும். காய்ஞ்ச துணியால துடைங்க. ரெண்டும் நேருக்கு நேர் இருக்கான்னு பாருங்க. ஆனா சென்சாரை பைபாஸ் மட்டும் பண்ணாதீங்க. அப்புறம் குழந்தை நின்னாலும் கேட் நிக்காது.

கடைசியா, மோட்டாரோட வந்த சாவி. அதைப் போட்டுத் திருப்பினா கியர் விடுபடும், கேட்டைக் கையால தள்ளலாம். நான் போன ஒரு வீட்ல அது பிரிக்காத கவர்லயே கிடந்தது. நம்ம ஊர்ல ராத்திரி கரண்ட் போகும், ரோட்டுல யானை நிக்கும். வெளிய வண்டியில மாட்டிக்கிட்டவங்களுக்கு உள்ள இருக்குறவங்கதான் திறந்துவிடணும். சாவி இருக்கிற இடம் வீட்ல எல்லாருக்கும் தெரியணும். இன்னிக்கே பகல்ல ஒரு தடவை திறந்து பழகிக்கோங்க.