பட்டியற் பிழையும் வரி வரவும்



திருவொற்றியூரில், காலடிப்பேட்டைப் பக்கத்துச் சந்து ஒன்றில், என் பழைய மாணவர் ஒருவர் கடைசல் பட்டறை நடத்தி வருகிறார். இரண்டு லேத்துகள், துளையிடும் இயந்திரம் ஒன்று, மூன்று ஆட்கள். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுப்பது தொழில். ஒரு நாள் மாலை அவர் இராயபுரத்தில் உள்ள என் வீட்டிற்கு வந்தார். வரி அலுவலகத்தின் நோட்டீஸ் ஒன்று கையில் இருந்தது. நான்கு பில்களைக் குறிப்பிட்டு, அவற்றின்பேரில் கழித்துக்கொண்ட வரியை வட்டியுடன் ஏன் திரும்பச் செலுத்தக் கூடாது என்று அது கேட்டிருந்தது.

“சார், சரக்கு வந்தது, பணம் கொடுத்தேன், வரியும் கொடுத்தேன். காகிதத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் என் காசு போய்விடுமா?” என்றார் அவர்.

நான் கணக்கு ஆசிரியனாக இருந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். வரிச் சட்டம் என் துறை அன்று. எனினும் அக்கேள்வி என்னை விடவில்லை. தணிக்கையாளர் ஒருவரிடமும் சட்டப் புத்தகங்களிடமும் பாடம் கேட்டேன். கேட்டவற்றுள் உங்களுக்குப் பயன்படக் கூடியதை இங்கே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நம் பட்டறைக்காரர் ரூ. 1,00,000 பெறுமான எஃகு உருளைகள் வாங்குகிறார். நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ரூ. 18,000 வரியும் சேர்த்து விற்றவரிடம் கொடுக்கிறார். அவ்வெஃகைக் கடைந்து ரூ. 1,50,000-க்கு விற்கும்போது, வாங்கும் தொழிற்சாலையிடம் ரூ. 27,000 வரி பெறுகிறார். அரசுக்கு அவர் செலுத்த வேண்டியது ரூ. 27,000 அன்று, முன்பே கொடுத்த ரூ. 18,000-ஐக் கழித்து ரூ. 9,000 மட்டுமே. தம் உழைப்பால் அவர் கூட்டிய மதிப்பு ரூ. 50,000, அதற்குப் பதினெட்டு சதவீதம் போட்டுப் பாருங்கள், அதே ரூ. 9,000 வரும். இந்தக் கழிவிற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். வரவு மறுக்கப்பட்டால் அந்த ரூ. 18,000 அவர் கைப்பணத்திலிருந்து போகும்.

பழைய விற்பனை வரியில் இப்படிப்பட்ட தொடர் கழிவு இல்லை. 1939-இல் இராஜாஜி சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தபோது, பொருள் கைமாறிய இடந்தோறும் முழு விலைமேல் வரி விழுந்தது. வரியின்மேல் வரி ஏறியது. (துறைமுகத்திற்கு எதிரே சுங்க மாளிகை நிற்கும் சாலைக்கு அவர் பெயரே வாய்த்திருப்பது பொருத்தந்தான்.) கூட்டிய மதிப்பிற்கு மட்டும் வரி என்னும் முறை 1954-இல் பிரான்சு நாட்டில் உருவாயிற்று. நம் நாட்டில் மத்திய ஆயத்தீர்வையில் 1986-இல் மாட்வாட் என்ற பெயரில் நுழைந்தது. தமிழகத்தில் 2007-இல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறையில் இருக்கிறது.

வணிகர் இந்த வரவைத் தம் உரிமை என்பார். ஆனால், தமிழகச் சட்டத்தின்கீழ் எழுந்த ஜெயம் அண்டு கம்பெனி வழக்கில், இது சட்டம் அளிக்கும் சலுகை என்றும், சட்டம் விதித்த நிபந்தனைகளோடுதான் பெற இயலும் என்றும் 2016-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, எந்த நிபந்தனை உயிரானது, எது உடையைப் போன்றது என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. 1991-இல் மங்களூர் கெமிக்கல்ஸ் வழக்கில் நீதிபதி வெங்கடாசலய்யா இதையே ஆராய்ந்தார். எல்லா நிபந்தனைகளும் ஒரே தரத்தன அல்ல. சில சட்டத்தின் நோக்கத்தோடு பிணைந்தவை, சில வெறும் நடைமுறை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை விதி 46 நீண்ட வரிசையாகச் சொல்கிறது: பதினாறு எழுத்துக்கு மேற்படாத தொடர் எண், தேதி, பெயர், முகவரி, பொருட் குறியீட்டு எண், அளவு, விலை, வரி வீதம், கையெழுத்து என்று அது போகும். இவற்றுள் ஒன்று விட்டாலும் வரவு போய்விடுமோ என்றுதான் நம்மவர் அஞ்சினார். அவ்வச்சத்தைத் தீர்ப்பது விதி 36(2)-இல் உள்ள ஒரு காப்புரை. விவரங்கள் யாவும் இல்லாவிடினும், வரித் தொகை, பொருள் அல்லது சேவையின் விவரம், மொத்த மதிப்பு, விற்றவர் வாங்கியவர் இருவரின் பதிவு எண்கள், வெளிமாநில வணிகமாயின் வழங்கிய இடம் ஆகியவை இருந்தால் வரவை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அது.

ஏன் இவை மட்டும்? சற்றே சிந்தித்துப் பாருங்கள். வரித் தொகை இல்லையேல் எவ்வளவு கழிப்பது என்று தெரியாது. பொருளும் மதிப்பும் இல்லையேல் அத்தொகை சரிதானா என்று பெருக்கிப் பார்க்க வழியில்லை. பதிவு எண்கள் இல்லையேல் யார் செலுத்தியது, யார் கழிப்பது என்று புலப்படாது. இடம் இல்லையேல் எந்த மாநிலக் கருவூலத்திற்கு வரி சேர வேண்டும் என்பது விளங்காது. கையெழுத்தோ முகவரியோ அப்படி அன்று. அவற்றைப் பிற ஆவணங்களால் மெய்ப்பித்துவிடலாம். ஐரோப்பிய நீதிமன்றமும் 2016-இல் இவ்வழியே சென்றது. போர்ச்சுகல் நாட்டு ஓட்டல் நிறுவனம் ஒன்று பெற்ற வழக்கறிஞர் பில்லில், செய்த பணி இன்னதென்று விளங்கவில்லை. சரிபார்க்கத் தேவையான செய்திகள் வேறு வகையில் வரித்துறையிடம் இருக்குமானால், பில்லின் குறை ஒன்றையே காட்டிக் கழிவை மறுக்கலாகாது என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காகிதத்தில் ஒரு குறையும் இல்லாமல், சரக்கு மட்டும் வராமலே இருக்கும் போலிப் பில்கள் நாட்டில் உண்டு. கருநாடகத்துக் காப்பி வணிகர் தொடர்பான ஈகாம் கில் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம், பில்லையும் காசோலையையும் காட்டினால் போதாது, சரக்கு உண்மையில் வந்து சேர்ந்ததை வாங்கியவரே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. லாரி ரசீது, எடைமேடைச் சீட்டு, பட்டறையின் வரவுப் பதிவேடு ஆகியவை இங்கேதான் துணைக்கு வரும். நம்மவர் எடைச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். பள்ளியில் வீட்டுப் பாடத்தை ஒருநாளும் ஒழுங்காக வைக்காதவர் அவர்!

இனி நான்கு பில்களுக்கு வருவோம். ஒன்றில் கையெழுத்து இல்லை. மற்றொன்றில் பொருட் குறியீட்டு எண் இல்லை. மூன்றாவதில் பட்டறையின் பழைய முகவரி இருந்தது. இம்மூன்றிலும் காப்புரை கேட்ட செய்திகள் யாவும் இருந்தன. எடைச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கையும் இணைத்து அவர் விடை எழுதினார், வரவு ஏற்கப்பட்டது.

நான்காவது பில் 2022-23-ஆம் ஆண்டினது, வரி ரூ. 11,340. அதில் ஒத்த பெயருடைய வேறொரு பட்டறையின் பதிவு எண்ணை விற்றவர் போட்டுவிட்டார். பதிவு எண்ணில் பதினைந்து எழுத்துகள்: முதல் இரண்டும் மாநிலம் (தமிழகத்திற்கு 33), அடுத்த பத்தும் வருமான வரிக்கான பான் எண், கடைசியானது சரிபார்ப்பு எழுத்து. நடுவில் ஓர் எண் பிறழ்ந்தால் அவ்வெழுத்து காட்டிக் கொடுத்துவிடும். முழுவதும் பிறர் எண்ணாக இருந்தால் கணினி என்ன செய்யும்? 2022 முதல், விற்றவர் பதிந்த பில் வாங்கியவரின் இணையப் பட்டியலில் தோன்றினால்தான் வரவு உண்டு. இந்தப் பில்லோ அடுத்தவர் பட்டியலில் போய் உட்கார்ந்துவிட்டது.

இத்தகைய பிழைக்கு நீதிமன்றங்கள் இரங்கியதுண்டு. 2021-இல் பென்டக்கிள் பிளான்ட் மெஷினரீஸ் வழக்கில், வாங்கியவரின் ஆந்திரப் பதிவு எண்ணுக்குப் பதில் உத்தரப் பிரதேச எண் பதியப்பட்டிருந்தது. பிழையை உரிய காலத்தில் கண்டறிய உதவும் படிவங்களை அரசே நடைமுறைப்படுத்தாததை எடுத்துக்காட்டி, திருத்திக்கொள்ளச் சென்னை உயர் நீதிமன்றம் இசைவளித்தது. தொடக்க ஆண்டுகளின் எண் பிழைகளுக்கு, விற்றவரிடம் சான்று பெற்றுத் தந்தால் போதும் என்று மத்திய வாரியம் 2022 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டு, மறு ஆண்டு மற்றொன்றால் 2021 இறுதி வரை அதை நீட்டியது. நம்மவர் பில் அதற்குப் பிந்தியது. விற்றவர் திருத்துவதற்கும் இவர் வரவு எடுப்பதற்கும் கடைசி நாளான 2023 நவம்பர் 30-உம் கடந்து போயிருந்தது.

உயர் நீதிமன்றம் இராயபுரத்திற்கு அதிகத் தொலைவில் இல்லை. ஆனால் ரூ. 11,340-க்காக அங்கே போனால் ஆகும் செலவு அத்தொகையை விழுங்கிவிடும். நான் கூட்டிக் காட்டுமுன்பே அவர் கூட்டிவிட்டார். தொகையை வட்டியுடன் கட்டினார்.

சென்ற மாதம் அவர் பட்டறைப் பக்கம் போயிருந்தேன். எஃகு ஏற்றிய லாரி சந்தின் முனையில் நின்றது. அவருடைய ஆள் ஒருவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “முப்பத்து மூன்று...” என்று தொடங்கிப் பதினைந்து எழுத்துகளையும் உரக்கப் படித்தார். உள்ளே லேத்தருகில் நின்றவர் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். அதன் பிறகுதான் சரக்கை இறக்கினார்கள்.