யாருக்கு எது இரவு?

கடிகாரம் இரவு பத்து என்கிறது. ஊரார் பாய் விரிக்கின்றனர். வேளாங்கண்ணியை அடுத்த செருதூர்க் கடற்கரையிலோ, நள்ளிரவு கடந்ததும் படகு தள்ளப் புறப்படுகிறான் மீனவத் தோழன். ஊர் உறங்கும் நேரம் அவனுக்கு உழைப்பு நேரம். ஊர் உழைக்கும் பகலிலேதான் அவனுக்கு உறக்கம். இதை நாம் அறிவோம். இரத்த அழுத்தம் அளக்கும் கருவி அறியுமா?

என்ன கருவி என்பீர்கள். கையிலே பட்டை, இடுப்பிலே சிறு பெட்டி. பகலில் 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு முறை, இரவிலே அரை மணிக்கு ஒரு முறை, 24 மணி நேரமும் தானே அளந்து, தானே குறித்துக்கொள்ளும் கருவி அது.

ஏன் இத்தனை பாடு? 1896இல் இத்தாலி நாட்டு ரிவா-ரோச்சி கைப்பட்டையைத் தந்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், நாடியின் ஓசையைக் கேட்டு அளக்கும் வழியைக் காட்டினார். அன்று தொட்டு டாக்டர் எதிரே உட்காரும் ஒரு நிமிடமே தீர்ப்பு நாள்! வெள்ளைக் கோட்டைக் கண்டதும் சிலருக்கு அழுத்தம் ஏறுகிறது. நோயில்லாதவர் நோயாளி ஆகிறார். வேறு சிலருக்கு அங்கே அடங்கி, வீட்டிலே ஏறுகிறது. நோயாளி நலமுடையவர் ஆகிறார். நம் நாட்டில் 15 மாநிலங்களில் 18,918 பேரிடம் நடந்த 'இந்திய இருதய ஆய்வு', 42 விழுக்காட்டினர் இந்த இரண்டு வகையில் ஒன்றிலே சிக்கியிருக்கக் கண்டது. நூற்றுக்கு 42 பேர்! சிறு பிழையா இது?

இரவு அளவுக்குத் தனி மதிப்பு உண்டு. உறங்கும்போது அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு தாழ்வது இயல்பு. தாழாதவர்களிடையே பக்கவாதம் கண்டவர்கள் மிகுதி என்று 1988இல் அயர்லாந்தின் ஓ'பிரையன் குழுவினர் எழுதினர். மருத்துவமனை அளவைவிட இரவு அளவே வரும் ஆபத்தை நன்கு காட்டும் எனப் பின்வந்த ஆய்வுகளும் உரைத்தன. பகல் சராசரி 135/85, இரவுச் சராசரி 120/70; இவற்றை எட்டினாலோ மீறினாலோ அது இரத்தக் கொதிப்பு.

சரி, கருவி சொல்வதெல்லாம் வேதவாக்கா? அல்ல! பருத்த கைக்குச் சிறு பட்டை கட்டினால் அளவு பொய்யாக ஏறும். பட்டை இறுக்குகையில் விழித்துக்கொண்டால் 'உறக்க அளவு' உறக்க அளவாகாது. இன்று 'தாழ்கிறது' எனக் குறிக்கப்பட்டவர், மறுமுறை கட்டும்போது 'தாழவில்லை' என்று மாறுவதும் உண்டு. ஆகவேதான் விழிப்பில் குறைந்தது 20, உறக்கத்தில் 7 நல்ல அளவுகளேனும் வேண்டுமென்று ஐரோப்பிய வல்லுநர்கள் வரையறுத்தனர்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை 'உறக்கம்' என்று பெட்டிக்குள் எழுதிவைத்துவிட்டால், வலை இழுக்கும் மீனவனின் அழுத்தம் உறங்குபவனின் அழுத்தமாகப் பதிவாகும். உழைப்பால் ஏறியது நோயென்று எண்ணப்படும். அவன் பகலிலே உறங்கியபோது தாழ்ந்ததோ, பகல் கணக்கிலே மறைந்துபோகும். பிரசவ வார்டிலே கண்விழிக்கும் செவிலியருக்கும், இரவெல்லாம் பஸ் ஓட்டும் தோழருக்கும், விடிய விடிய வயலுக்கு நீர் பாய்ச்சும் விவசாயிக்கும் இதே கதிதான். பிழை கருவியினுடையதா? இல்லை, "எப்போது உறங்கினாய்?" என்று கேட்காதவர்களுடையது!

பரிகாரம் பெரிதல்ல. உறங்கிய நேரம், விழித்த நேரம், மாத்திரை விழுங்கிய நேரம் மூன்றையும் ஒரு தாளில் குறிக்கச் சொன்னால் போதும். எழுதத் தெரியாதவரா? வீட்டிலே படிக்கும் பிள்ளை எழுதட்டும். அளக்கும் நேரத்திலே கையை அசைக்காமல் வைத்திருக்கவும் சொல்லித் தரவேண்டும்.

2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை ஏழையின் வாசலுக்கே கொண்டுசென்றது. வரவேற்றோம், வாழ்த்தினோம். அடுத்து நாம் கேட்பது, ஐயத்துக்கு இடமான நோயாளிக்கு இந்த 24 மணி நேரச் சோதனையும் அரசு மருத்துவமனையிலே இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பதே. ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்கு என்று ஒரு கூலித் தொழிலாளிக்குச் சொல்லுமுன், அல்லது உனக்கு ஒன்றுமில்லை, போ என்று அனுப்பிவைக்குமுன், அளவு சரியா என்று பார்ப்பது கடமையல்லவா?

கருவி கணக்கிடட்டும். ஆனால் எது பகல், எது இரவு என்பதை உழைப்பவன் வாயால் கேட்டறிந்தபின் கணக்கிடட்டும்!